ஆய்வு முடியும்வரை எருமை எதைக் குடிக்கும்?

நம் விலங்கு நலத் தொண்டு நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நிதி விண்ணப்பம் எழுதச் சொல்லிக்கொடுங்கள் என்றுதான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். எழுதுவதை என்னைவிட நீங்கள் நன்றாகவே செய்வீர்கள். நோக்கம், வழிமுறை, எதிர்பார்க்கும் பலன் என்று கம்ப்யூட்டரில் அடுக்கி, படம் வேறு போட்டு அசத்திவிடுவீர்கள். நான் ஓய்வு பெற்றவள். வாய் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. அதனால் விண்ணப்பத்தை விட்டுவிடுகிறேன். அது முதல் கட்டம் தாண்டிய பிறகு, பணம் கொடுப்பவர்கள் நேரில் வந்து இறங்கும் நாள் ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றிப் பேசலாம். அன்றைக்கு நீங்கள் படித்தது ஒன்றும் கைகொடுக்காது.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் பின்சுவரை ஒட்டி ஒரு காலனி. பெயர் வேண்டாம். அங்கே பலருக்கு இன்றும் அந்தச் சுவருக்கு உள்ளேதான் வேலை. ஒரு காலத்தில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க்கொண்டிருந்த குடும்பங்கள். இப்போது ஆண்கள் ஷிப்டுக்குப் போகிறார்கள். பெண்களில் சிலர் எருமை வளர்த்துப் பால் ஊற்றுகிறார்கள். ரோசம்மா அவர்களில் ஒருவர். கணவர் இறந்த பிறகு பால் வியாபாரத்தில்தான் குடும்பத்தை ஓட்டினார்.

காலனி எருமைகளுக்கு முடி கொட்டியது. தோல் வெடித்தது. சினை எருமைகள் செத்த கன்று போட்டன. எல்லா எருமைகளும் தண்ணீர் குடித்தது சுவரை ஒட்டி ஓடும் ஓடையில். அந்த ஓடையின் நிறம் எனக்குத் தெரிந்து பல தடவை மாறியிருக்கிறது. ஒருவர் பூச்சி என்றார், ஒருவர் தீவனம் என்றார், ஒருவர் வெயில் என்றார். யாரும் பொய் சொல்லவில்லை. யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். தெரிந்துகொள்ள ஆய்வு வேண்டும், ஆய்வுக்குப் பணம் வேண்டும்.

ரோசம்மாவிடம் மூன்று எருமைகள் இருந்தன. இரண்டு போய்விட்டன. மிஞ்சியது ராணி. அது சினையாக இருந்தபோதுதான் எங்கள் விண்ணப்பம் நேரடிப் பார்வைக்குத் தேர்வானது. செய்தியைச் சொல்லப் போனபோது ரோசம்மா சாணி அள்ளிய கையோடு எழுந்து நின்றார்.

"வராங்களா மேடம்? பாத்துட்டு மருந்து சொல்வாங்களா?"

"மருந்து இப்ப இல்ல ரோசம்மா. என்ன நோவுன்னு கண்டுபிடிக்கறதுக்கு முதல்ல பணம் குடுப்பாங்க."

"இன்னாவோ பண்ணுங்க. போன ரெண்டு வாட்டியும் செத்த கன்னு. இதுவும் அப்டியே போட்டுட்டு சாஞ்சிச்சின்னா நான் ஊட்ட பூட்டிக்கினு கம்பெனி கேண்டீனுக்கு பாத்திரம் தேய்க்கத்தான் போவணும்."

என்னோடு பிரபாகர் இருந்தார். இளம் கால்நடை மருத்துவர். எங்கள் நிறுவனத்தின் ஆய்வாளர். ஆய்வு முழுக்க அவர் வடிவமைத்தது. காலனி எருமைகளை இரண்டு ஆண்டு பின்தொடர்ந்து ரத்தம், பால், சாணம் எல்லாவற்றையும் சோதிக்க வேண்டும். ஆரணிப் பக்கம் நெல் விவசாயிகள் வளர்க்கும் எருமைகளோடு ஒப்பிட வேண்டும். அருமையான திட்டம். சும்மா சொல்லக்கூடாது, எங்கள் அலுவலகத்தில் அப்படியொரு விண்ணப்பம் அதற்கு முன் எழுதப்பட்டதே இல்லை.

பார்வையாளர்கள் வரும் நாளன்று காலையில் நானும் பிரபாகரும் முன்கூட்டியே போய்விட்டோம். காலனி முனையில் ஆட்டோவை விட்டு இறங்கியதும் ஊர் மாறி வந்துவிட்டோமோ என்று சுற்றிலும் பார்த்தேன்.

தெருவின் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு. பிளீச்சிங் பவுடர். அமைச்சர் வந்தால் போடுவார்களே, அதே கோடு. மின்கம்பத்துக்கு மின்கம்பம் தோரணம். 'வருக வருக' என்று ஒரு பேனர், அதில் அந்த வார்டு உறுப்பினர் அம்மாளின் படம் சின்னதாகவும் அவருடைய வீட்டுக்காரர் தேவராஜின் படம் பெரியதாகவும். ஓடைக்கரையில் கிடந்த குப்பை முழுவதையும் வாரியிருந்தார்கள். ஓடைக்குள்ளும் பவுடர் மூட்டையைக் கொட்டியிருந்தார்கள். நாற்றமே இல்லை. நீச்சல் குளத்து வாசனை.

எல்லாவற்றுக்கும் மேல் எருமைகள். கொம்புக்கு எண்ணெய் பூசி, கழுத்தில் மணி கட்டி, நெற்றியில் பொட்டு வைத்து, பளபளவென்று வரிசையாக நின்றன. தோலில் ஒரு கீறல் கிடையாது. நான் அந்தக் காலனியில் அவற்றைப் பார்த்ததே இல்லை.

"யாருது இதெல்லாம்?" என்றேன்.

தேவராஜ் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு ஓடி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "வா மேடம், வா! எப்டி கீது பாத்தியா? நம்ம தோஸ்து ஒருத்தரு ஆரணியாண்ட பயிரு வெச்சிக்கினு கீறாரு. அவராண்ட சொல்லி லாரில ஏத்தினு வந்தோம். பெரிய ஆபீசருங்க வராங்கோ, நம்ம மாடு அசிங்கமா நின்னா யாருக்கு மேடம் கேவலம்?"

"ஐயோ தேவராஜ்! அவங்க அந்த அசிங்கத்தப் பாக்கத்தான வராங்க!"

"இன்னா மேடம் நீ? டப்பு குடுக்கறவங்கோ நல்லா கீற ஊருக்குதான் குடுப்பாங்கோ. நாஸ்தியா கீற ஊருக்கு எவன் குடுப்பான்?"

கோபம் வந்தது. ஆனால் அவரைத் திட்டவும் வாய் வரவில்லை. இதுவரைக்கும் அந்தக் காலனிக்கு எந்த அதிகாரி வந்தாலும் இதைத்தான் செய்து பழக்கம். அப்படித்தான் செய்யச் சொல்லியும் இருக்கிறார்கள். ஊரை உள்ளபடியே பார்க்க விரும்பும் ஒரு அதிகாரி உண்டு என்று அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்? இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் போகும் எந்த ஊரும் உங்களுக்கு முன்னால் வந்து போனவர்களிடம் பாடம் படித்த ஊர்தான்.

ரோசம்மா பட்டுப்புடவையில் நின்றிருந்தார். நான் அவர் பக்கம் திரும்பியதும் தலையைக் குனிந்துகொண்டார்.

"ராணி எங்க?"

"அந்தாண்ட, லாரி நிறுத்தற காலியெடத்துல கட்டி வெச்சிக்கீது மேடம். எல்லாரோடதும் அங்கதான். தோலெல்லாம் உரிஞ்சி கெடக்குது. பொண்ணு பாக்க வரவங்க முன்னாடி பொண்ண அப்டியேவா நிக்க வெப்போம்?"

அப்போது கைப்பேசி அடித்தது. பார்வையாளர்களின் கார் ஜி.என்.டி. சாலையை விட்டு உள்ளே திரும்பிவிட்டதாம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எருமைகளைத் திரும்ப ஓட்டி வர நேரமில்லை. ஓடையில் கரைந்த பவுடரை எடுக்க எந்தச் சாமியாலும் ஆகாது.

பிரபாகர் என்னை ஓரமாக இழுத்தார். கெட்டிக்காரர், மூளை அதற்குள் வேலை செய்திருந்தது. "மேடம், ஒரு வழி இருக்கு. ஆரணிப் பக்கத்து எருமைங்களோட ஒப்பிடுவோம்னு எழுதியிருக்கோம் இல்ல? இதுங்க அதுதான். ஒப்பீட்டுக்காக முன்கூட்டியே கொண்டுவந்து காட்டறோம்னு சொல்லிடலாம். பொய்கூட இல்ல. நிஜமாவே ஆரணி எருமைதான."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஆமாம், அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நான் தலையாட்டியிருந்தால் போதும். அப்படித் தலையாட்டி நிதி வாங்கியவர்களை எனக்குத் தெரியும். பிறகு அந்த முதல் நாள் காட்டியதைக் காப்பாற்றுவதற்காகவே ஒவ்வொரு அறிக்கையையும் எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் பதில் சொல்வதற்குள் கார் வந்து நின்றது.

இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவர் வயதான அம்மா, கால்நடை மருத்துவத்தில் பெரிய படிப்பு படித்தவர். பருத்திப் புடவை, காலில் கேன்வாஸ் ஷூ. இன்னொருவர் விதிமுறைகளைக் கவனிப்பவர். கையில் எங்கள் விண்ணப்பத்தின் பிரதி. தேவராஜ் சால்வையோடு பாய்ந்தார். பின்னாலேயே இரண்டு பேர் தண்ணீர் கேன்களை ஸ்டாண்டில் வைத்துக்கொண்டு தம்ளரோடு நின்றார்கள்.

நான் சால்வைக்கு முன்னால் போய் நின்றேன். "மேடம், நீங்க இங்க பாக்கற எதுவும் நிஜம் இல்ல. நேத்து வரைக்கும் இந்தத் தெரு இப்படி இல்ல. இந்த எருமைங்க இந்த ஊர் எருமைங்க இல்ல. ஓடைல பவுடர் கலந்திருக்கு. உங்களுக்கு மரியாதை பண்றதா நினைச்சு ஜனங்க செஞ்சிட்டாங்க. நிஜமான எருமைங்க அந்தப் பக்கம் இருக்கு. நடக்க முடியும்னா கூட்டிட்டுப் போறேன்."

தேவராஜின் கையில் சால்வை அப்படியே நின்றது. பிரபாகர் கண்ணை மூடிக்கொண்டார். விதிமுறைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "அப்ப இன்னொரு தேதி பாத்துக்கலாமே" என்றார். காருக்குத் திரும்பவே பார்த்தார். அந்த அம்மா மட்டும் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "எவ்வளவு தூரம்?" என்று கேட்டார்.

காலியிடத்தில் ஒரு மரம் கிடையாது. சுவரின் நிழல்கூட அதற்குள் சுருங்கியிருந்தது. உங்களுக்குத் தெரியும், எருமைக்கு வெயில் ஆகாது. வியர்வை குறைவு, கருப்புத் தோல், அதிலும் முடி கொட்டிய தோல். வரிசையாகக் கட்டியிருந்தவற்றில் மற்றவை நாக்கைத் தொங்கவிட்டு நின்றன. ராணி படுத்திருந்தது. படுத்திருந்தது என்பதா, விழுந்திருந்தது என்பதா! கழுத்தை நீட்டி, வாயில் நுரை தள்ள, வயிறு மட்டும் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது.

"ஏசுவே! ராணி! ஐயோ எம் பொண்ணே!" ரோசம்மா பட்டுப்புடவையோடு மண்ணில் விழுந்து அதன் தலையைத் தூக்கினார்.

ஒரு விலங்குப் பாதுகாப்புத் திட்டத்துக்குப் பணம் கேட்பதற்காக ஒரு சினை எருமையை வெயிலில் கட்டிப் போட்டிருந்தோம். அந்த நேரத்தில் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

"தண்ணி! தலையில ஊத்தணும், கழுத்துல ஊத்தணும், சீக்கிரம்!" என்று அந்த அம்மா கத்தினார். பக்கத்தில் இருந்த ஒரே தண்ணீர் ஓடைதான். அதிலும் பவுடர் வேறு கலந்திருந்தது. ஒருவர் வாளியோடு அங்கே ஓடப் பார்த்தார். "அது வேணாம்டா!" என்று தேவராஜ் போட்ட சத்தத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் வேலை செய்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். "கேன எட்தாங்கடா! ஆபீசருக்கு வெச்ச கேனு! எல்லாத்தையும் எட்தாங்கோ!"

கேன்கள் தோளில் ஏறி வந்தன. விருந்தாளிக்கு வைத்த தண்ணீரைக் கொம்புக்கு நடுவே ஊற்றினோம், கழுத்தில் ஊற்றினோம். பெரிய படிப்பு படித்த அந்த அம்மா மண்டியிட்டு, கையைக் குவித்து அதன் வாயில் தண்ணீர் விட்டார். பிரபாகர் தன் சட்டையைக் கழற்றி நனைத்து அதன் முதுகில் போட்டார். விதிமுறைக்காரர் விண்ணப்பத்தாலேயே விசிறினார். நல்ல மனிதர்தான். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ராணி ஒரு காதை ஆட்டியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் முன்னங்காலை மடித்துத் தலையை நிமிர்த்தி, வாளிக்குள் மூக்கை விட்டு உறிஞ்ச ஆரம்பித்தது. அது குடித்த சத்தத்தைக் கேட்டு ரோசம்மா வாய்விட்டு அழுதார்.

எல்லோரும் மூச்சுவிட்ட பிறகு அந்த அம்மா ரோசம்மாவிடம் கேட்டார். "தினமும் இது எந்தத் தண்ணியம்மா குடிக்குது?"

"ஓடைத் தண்ணிதான்."

"நீங்க?"

"நாங்கோ கேன் வாங்கறோம் மேடம்."

"ஓடைத் தண்ணி கெட்டதுன்னு சந்தேகம் இருக்கில்ல? அப்புறம் ஏன்?"

ரோசம்மா மூக்கைச் சிந்திப் புடவையில் துடைத்துக்கொண்டார். "இது ஒரு வாட்டி குடிச்சா எங்க ஊட்டு ஒரு வாரத்து கேன் காலி மேடம். அதுக்கு எங்க போவேன்?"

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "உங்க திட்டத்த நான் நல்லா படிச்சேன். காலனி எருமைங்க 'வழக்கம்போல்' இருக்கும், நீங்க ரெண்டு வருஷம் பின்தொடர்வீங்கன்னு எழுதியிருக்கீங்க. வழக்கம்போல்னா இந்த ஓடைதான? ஆய்வு முடியற வரைக்கும் இந்த எருமை எதக் குடிக்கும்?"

பிரபாகர்தான் முதலில் பேசினார். தடுமாறினார். "மேடம், இடையில தண்ணிய மாத்திட்டா அப்புறம் காரணத்தக் கண்டுபிடிக்கவே முடியாது."

"தெரியும். நானும் அதே படிப்புதான் படிச்சேன். நான் கேட்டது அது இல்ல."

விதிமுறைக்காரர் தொண்டையைக் கனைத்தார். என்னிடம்தான் சொன்னார். அதட்டவில்லை, எச்சரித்தார். "ஒண்ணு சொல்லிடறேன். அனுப்பின திட்டத்த இப்ப மாத்தறதா சொன்னீங்கன்னா இந்தச் சுற்றுல இத எடுத்துக்க முடியாது. புதுசா விண்ணப்பிக்கணும். யோசிச்சு பேசுங்க."

யோசிக்க என்ன இருந்தது? நிறைய இருந்தது. ஒரு வருட உழைப்பு இருந்தது. அந்தப் பணம் வராவிட்டால் பிரபாகரை வேலையில் வைத்துக்கொள்ள எங்களால் முடியுமா என்பதே சந்தேகம். 'வழக்கம்போல்தான்' என்று ஒரு சொல் சொன்னால் விஷயம் முடிந்துவிடும். அறிவியலும் அதைத்தான் கேட்டது. ஆனால் ராணியின் தலை ரோசம்மாவின் மடியில் இருந்தது. ரோசம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் பேசியதில் பாதி அவருக்குப் புரிந்திருக்காது. என்ன பதில் வரப்போகிறது என்பதை மட்டும் அவர் விடாமல் கவனித்தார்.

"நல்ல தண்ணி குடிக்கும் மேடம்" என்றேன். "நாங்க குடுப்போம். நல்ல தண்ணி குடிச்ச பிறகு எருமைங்க தேறுதான்னு பாக்கறதும் ஆய்வுதான். திட்டம் மாறுது. மாறட்டும்."

விதிமுறைக்காரர் பேனாவை மூடினார். அந்த அம்மா ராணியின் கழுத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு எழுந்து போனார். பிரபாகர் ஈரச் சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமலே பஸ் ஏறிவிட்டார். அவருடைய கோபம் நியாயமான கோபம். ஆய்வு அவருடையது, அதை அவரிடம் கேட்காமல் நான் கலைத்துவிட்டேன். இன்றைக்கு அதே கேள்வி வந்தாலும் அதே பதிலைத்தான் சொல்வேன்.

நினைத்தபடியே பதில் வந்தது. இந்தச் சுற்றில் பரிசீலிக்க இயலாது. அதைச் சொல்ல நானே காலனிக்குப் போனேன். பிரபாகரும் வந்தார். கூப்பிட்டேன் என்பதற்காக வந்தார், பஸ்ஸில் தனி இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ரோசம்மா தூரத்திலேயே கேட்டார். "இன்னா மேடம், பாஸா?"

"பெயில்."

அவர் கொஞ்சநேரம் ராணியின் முதுகில் ஈ ஓட்டினார். பிறகு கேட்டார். "அப்ப தண்ணி?"

பணம் வந்தால் தண்ணீர் என்றுதான் என் மனதில் கணக்கு. அந்த அம்மாவுக்குச் சொன்ன பதில் ரோசம்மாவுக்கும் சொன்ன வாக்கு என்பது அப்போதுதான் உறைத்தது. எனக்கு முன்னால் பிரபாகர் வாயைத் திறந்தார்.

"தண்ணி வரும்மா" என்றார்.

எப்படி வரும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தேவராஜுக்குத் தெரிந்திருந்தது. ஊராட்சிக் குழாயிலிருந்து ஒரு கிளைக் குழாய் இழுத்தார். பழைய கிணற்று உறை ஒன்றை லாரியில் கொண்டுவந்து, அடியைப் பூசித் தொட்டியாக்கினார். "பேனர் அடிச்ச துட்டுல அன்னிக்கே இத கட்டிக்கீலாம். எனக்கு யாரு சொன்னா?" என்று எங்களையே ஏசினார். தொட்டியின் மேல் தன் பெயரை எழுதிக்கொண்டார். எழுதட்டும். குழாய்த் தண்ணீரைப் பிரபாகர் எடுத்துப்போய்ச் சோதித்து, நல்ல தண்ணீர்தான் என்று உறுதிசெய்த பிறகே எருமைகளை விட்டோம். பிறகு அவரே உட்கார்ந்து திட்டத்தை முதலிலிருந்து எழுதினார். தொட்டிதான் முதல் பக்கம். அடுத்த சுற்றில் நிதி கிடைத்தது. உங்களை வேலைக்கு எடுத்ததும் அந்தப் பணத்தில்தான். ஆகவே சம்பளம் வாங்கும்போது ராணியைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது நிதி கிடைத்த நாளை இல்லை. அது வருவதற்கு முன்னால், இரண்டாவது விண்ணப்பத்தை நானும் பிரபாகரும் அலுவலகத்தில் கடைசியாகச் சரிபார்த்துக்கொண்டிருந்த ஒரு காலை. கைப்பேசி அடித்தது. ரோசம்மா. மூச்சு வாங்கினார்.

"மேடம், ராணி போட்டுடுச்சி."

அடுத்ததைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தேன். பிரபாகர் குனிந்து, "கன்னு எப்படி இருக்கும்மா?" என்று கேட்டார். ரோசம்மா கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு ஓடுவது கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துக் காலடிச் சத்தம் திரும்பி வந்தது.

ஒரு கன்று எதையும் நிரூபிக்காது. அதைப் பிரபாகர் பிறகு விண்ணப்பத்திலேயே ஒரு வரியாக எழுதினார், நானும் சரி என்றேன். அறிவியல்படி அவர் எழுதியது நூற்றுக்கு நூறு உண்மை. அன்று காலையில் ரோசம்மா திரும்பி வந்து கைப்பேசியை எடுத்துச் சொன்னதும் உண்மைதான்.

"இப்பதான் மேடம் போயி பாத்துட்டு வரேன். கன்னு விழுந்து விழுந்து எயுந்துச்சி. இப்போ நிக்குது."